சார்பட்டா பரம்பரை: மானம் யாருடையது?

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் நம் நண்பர்களில் சிலர் முகஞ் சுளிப்பதை நாம் அறிவோம். அவர்கள்மீது குற்றங் காண நாம் முன்வரோம். கடவுளர் கலியாணங்களையும் பத்தினிமார் கண்ணீரையும் காட்டிக் காசு சேர்த்து வளர்ந்த கலையன்றோ அது! எனினும், கூலிக்காரன் ஒருவனுடைய வாழ்வை அவன் பேசும் பேச்சிலேயே, அவன் குடியிருக்கும் தெருவிலேயே காட்ட முற்படும் படம் எப்போதோ ஒன்று வரத்தான் செய்கிறது. அப்படி வந்ததைக் கை தட்டி வழியனுப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடாது. அதனோடு உட்கார்ந்து வழக்காட வேண்டும். "சார்பட்டா பரம்பரை" அவ்விதம் வழக்காடத் தகுந்த படம் என்பது நம் அபிப்பிராயம்.

இதை இயக்கியவர் பா. இரஞ்சித். எழுத்தில் அவருக்குத் துணை நின்றவர் நாவலாசிரியர் தமிழ்ப் பிரபா. 2021 ஜூலை 22 ஆம் நாள், தொற்றுநோய்க் காலமாகையால், கொட்டகைக்கு வராமலே அமேசான் பிரைம் வழியாக வீட்டுத் திரைகளில் இது வெளியாயிற்று. இரஞ்சித் நம்மவர்க்குப் புதியவரல்லர். 2016 இல் "கபாலி"யின் கதையை மலேசியாவில் அமைத்து, தோட்டத் தமிழரின் துயரத்தைச் சொல்ல முயன்றவர் அவரே. அதில் அவர் நம்மைக் காட்டினாரா, ரஜினிகாந்தைக் காட்டினாரா என்ற ஐயம் நமக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சார்பட்டாவில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. 2014 இல் "மெட்ராஸ்" படத்தில் காட்டிய அதே வட சென்னைக்கு அவர் திரும்பியிருக்கிறார். ஊரும் மனிதரும் அவர் கைக்கு அடங்கியிருக்கின்றனர்.

கதை நடக்கும் காலம் 1975. கையுறை அணிந்து மோதும் குத்துச் சண்டை ஆங்கிலேயர் காலத்தில் சென்னைக்கு வந்தது. வட சென்னைத் தொழிலாளர் அதைத் தமதாக்கிக் கொண்டனர். ஒவ்வொரு வாத்தியாரைச் சுற்றியும் ஒரு கூட்டம் சேர்ந்தது; அக்கூட்டத்துக்குப் பரம்பரை என்று பெயர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப பரம்பரை என்பன வெறுங் கற்பனைப் பெயர்களல்ல. அவ்வட்டாரத்தில் உண்மையாகவே வழங்கியவை. 1980 இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடிய அளவுக்கு அவ்வூரில் இவ்வாட்டத்துக்கு மதிப்பு இருந்தது.

படத்தில் இடியாப்ப பரம்பரையிடம் தோற்றுத் தோற்று மனம் புழுங்கிக் கிடக்கிறது சார்பட்டா. அடுத்த போட்டியிலும் தோற்றால் தம் பரம்பரை இனி மேடையேறாது என்று ரங்கன் வாத்தியார் சபதம் செய்துவிடுகிறார். எதிரே நிற்பவன் வேம்புலி. அவனை வெல்ல ஆள் வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், சிறு பிராயம் முதல் மேடையையே ஏக்கத்தோடு பார்த்து வளர்ந்தவன். அவன் தந்தையும் ஒரு காலத்தில் குத்துச் சண்டை வீரர். அந்த வீரம் அவரை ரவுடியாக்கி, வெட்டுண்டு சாகவும் வைத்தது. ஆகவே மகன் மேடைப் பக்கம் தலை காட்டினாலே தாய் பாக்கியம் அடித்து இழுத்து வருகிறாள். அவள் அடியையும் மீறி அவன் மேடையேறுவதும், ஏறியபின் நேர்வதுமே கதை. கபிலனாக ஆர்யாவும், வாத்தியாராகப் பசுபதியும் நடித்திருக்கின்றனர். பசுபதியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். தோள் துண்டைச் சரி செய்துகொள்வதிலேயே ஒரு மனிதனுடைய முழுக் கர்வத்தையும் காட்டிவிடுகிறார்.

இனி, பரம்பரை என்ற சொல்லுக்கு வருவோம். பிறப்பையும் குலத்தையும் நினைவூட்டும் இச்சொல் நம் காதுக்கு அவ்வளவு இனியதன்று. ஆனால் இங்கே அதன் பொருள் வேறு. இரத்தத்தால் வருவதன்று இப்பரம்பரை. வாத்தியாரிடம் கற்ற வித்தையால் வருவது. ரங்கனுக்குச் சொந்த மகன் வெற்றிச்செல்வன் இருக்கிறான். அவனும் மேடையேறத் துடிக்கிறான். ஆனால் அவனை ஒதுக்கிவிட்டு, தகுதி உள்ளவன் என்று கருதி ராமன் என்னும் வேறொருவனைத் தேர்ந்தெடுக்கிறார் தகப்பன். பின்னர் அந்த ராமனையும் வென்று கபிலன் அவ்விடத்துக்கு வருகிறான். மகனாயினும் தகுதியில்லையேல் இல்லை என்று சொல்லும் தந்தையைத் தமிழ்ப் படங்களில் நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? அரசியலிலும், கோயில் நிர்வாகத்திலும், ஏன், சங்கங்களிலுங்கூட மகனுக்கே நாற்காலி என்று பழகிப்போன நமக்கு இக்காட்சி மனத்துக்கு இதமாயிருக்கிறது.

இதம் வெகுநேரம் நீடிக்கவில்லை. ராமனின் மாமன் தணிகா என்பவன் அதே சார்பட்டாவைச் சேர்ந்தவன். தன் வீட்டுப் பையனுக்குரியது என்று தான் எண்ணிய இடத்தில் கபிலன் நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தோல்வியைக் காட்டிலும், தோற்கடித்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதே அவனை எரிக்கிறது. படம் ஜாதியின் பெயரை உரக்கச் சொல்லவில்லை; சொல்லவும் தேவையில்லை. தணிகாவின் உதட்டு நெளிவிலேயே அது எழுதியிருக்கிறது. நம் தோட்டங்களில் லயத்து வரிசைகளைப் பார்த்தும், கலியாணப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

வேம்புலியோடு நடக்கும் முதற் போட்டியே படத்தின் இருதயம் என்போம். கபிலன் வென்றுகொண்டிருக்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இன்னும் சில அடிகள் விழுந்தால் முடிவு தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தணிகாவின் ஆட்கள் புகுந்து கலகம் செய்கின்றனர். கபிலனை அடித்து, அவன் உடையை உரிந்து, ஆயிரம் கண்களுக்கு முன் அவனை அம்மணமாக நிறுத்துகின்றனர். பரம்பரையின் மானத்தைக் காக்க மேடையேறியவனின் மானத்தை அப்பரம்பரையின் ஆளே பறிக்கிறான். அவன் முகத்தில் விழும் எந்தக் குத்தும் இதற்கு இணையாகுமா? பரம்பரையின் மானம் என்பது அவனுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. அவன் வெல்லப்போகிறான் என்று தெரிந்த கணத்தில் அக்கடன் திருப்பிக் கேட்கப்பட்டது. அடித்தட்டு மனிதன் தோற்பதைப் பொறுத்துக்கொள்ளும் நம் சமுதாயம் அவன் வெல்வதைப் பொறுத்துக்கொள்வதில்லை என்பதை இத்தனை வெளிப்படையாகக் காட்டிய தமிழ்ப் படம் வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை.

அதே இரவில் போலீஸார் வந்து ரங்கனைக் கைது செய்கின்றனர். 1975 ஜூன் 25 இல் இந்திரா காந்தி அம்மையார் அவசர நிலையைப் பிரகடனம் செய்தார். அதை எதிர்த்து நின்ற தி. மு. க. சர்க்கார் 1976 ஜனவரி 31 இல் கலைக்கப்பட்டது. அக்கட்சியினர் பலர் மிசாச் சட்டத்தின்கீழ்ச் சிறை புகுந்தனர். ரங்கன் அக்கட்சிக்காரர், கறுப்பு சிவப்புக் கரை வேட்டியை உடுத்துபவர். தனி மனிதன் ஒருவனின் மானமும் ஒரு மாநில சர்க்காரின் உரிமையும் ஒரே இரவில் பறிபோவதாக ஆசிரியர் இணைத்திருப்பது வெறும் அலங்காரமன்று. அதற்காக அவரைப் பாராட்டுகிறோம்.

ஆனால் இங்கேதான் நம் வழக்கும் தொடங்குகிறது. ரங்கன் சுயமரியாதை பேசும் கட்சியில் ஊறியவர். தில்லி சர்க்காரின் அதிகாரத்துக்கு அவர் தலை வணங்கவில்லை. சிறைக்கு நிமிர்ந்தே போகிறார். நல்லது. தம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தணிகாவை அவர் என்ன செய்தார்? அவனுடைய ஏச்சும் இளக்காரமும் அவர் காதில் விழாமலா இருந்தன? தொலைவில் உள்ள கொடுங்கோலை எதிர்ப்பதற்கு இருந்த துணிவு, தன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கொடுமையை எழுப்பி வெளியே அனுப்புவதற்கு ஏன் இல்லை? இக்கேள்வியைப் படம் தானே எழுப்புகிறது. எழுப்பிவிட்டு, வாத்தியாரைச் சிறைக்கு அனுப்பி, பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து அவரை விடுவித்து விடுகிறது. சிறையிலிருந்து திரும்பி வந்தபின்பும் கபிலனின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் அவர் மனம் நோகிறாரே ஒழிய, தம் பரம்பரை அவனுக்குச் செய்ததைப் பற்றி அன்று. இரஞ்சித்துக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. பசுபதியின் அந்தப் பெரிய உருவத்தின்மீது அவருக்கே பாசம் வந்துவிட்டதோ என்னவோ!

இடைவேளைக்குப் பின் வருவது சாராயம். தணிகாவைத் தாக்கிச் சிறை சென்று மீண்ட கபிலன், வெற்றிச்செல்வனோடு சேர்ந்து கள்ளச் சாராயம் விற்கிறான். பிறகு அதையே குடிக்கிறான். தமிழ்நாட்டில் 1971 இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974 க்குள் மீண்டும் வந்துவிட்டது. விலக்கு வந்த இடத்தில் கள்ளச் சாராயமும், அதற்குக் குடை பிடிக்கும் அரசியல்வாதியும் கூடவே வருவதைப் படம் சரியாகவே காட்டுகிறது. கட்டுக் குலைந்து பருத்த உடலோடு கபிலன் தள்ளாடுவதைப் பார்க்க நமக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

எனினும் அதிலிருந்து அவன் மீளும் விதம் நமக்கு உடன்பாடன்று. தாய் கண் கலங்கி ஒரு வார்த்தை சொல்கிறாள். கடற்கரையில் மீனவர் நடுவே வாழும் பழைய குத்துச் சண்டைக்காரர் ஒருவரிடம் அவன் போய்ச் சேர்கிறான். பாட்டு ஒன்று ஒலிக்கிறது. பாட்டு முடிவதற்குள் தொந்தி கரைந்து, குடி ஒழிந்து, பழைய வீரன் எழுந்துவிடுகிறான். சந்தோஷ் நாராயணனின் இசை நல்ல இசைதான். குடியை ஒழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று நாம் நம்பத் தயாராயில்லை. கூலியோடு கள்ளும் சேர்ந்தே நடந்த மலாயாத் தோட்டங்களின் கதையை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? 1947 இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியபோது, அவர்கள் பட்ட அடி கொஞ்சமா? குடி ஒருவனுடைய மனத் தளர்ச்சி மட்டுமன்று. அதை விற்று வாழ்கிறவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான். இதை முன்பகுதியில் அறிந்திருந்த படம் பின்பகுதியில் மறந்துவிடுகிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாக்கியத்தையும் மாரியம்மாளையும் போன்ற தாயும் மனைவியும் நம் படங்களில் அபூர்வம். துஷாரா விஜயன் நடித்த மாரியம்மாள் அடங்கி ஒடுங்கி அழுபவளல்லள். கணவனிடம் தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்கிறாள். கேட்டுக் கிடைக்காதபோது தெருவே கேட்கும்படி சண்டை போடுகிறாள். உன் பரம்பரை, உன் ரோஷம் என்று நீ அலைந்தாயே, உன்னோடு வாழ வந்த எனக்கு என்ன கணக்கு என்பதே அவள் ஒவ்வொரு சண்டையின் சாரமும். கடன் வாங்கிய மானத்துக்காக ஆண் அழிவதை முதலில் கண்டு சொன்னவள் அவள்தான். அவளுக்கு முன்பே, கணவனைப் பறிகொடுத்த பாக்கியம் அறிந்திருந்தாள். இவ்விருவரும் சொன்னது சரியென்று படம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, கடைசியில் இருவரையும் கொண்டே கபிலனை மேடைக்கு அனுப்பிவைக்கிறது. மேடைக்குப் போவதற்கு அவர்கள் அனுமதி வேண்டியிருந்தது. அவர்கள் வாதம் வேண்டியிருக்கவில்லை.

சண்டைக் காட்சிகளைப் பற்றி நம் இளைஞர்கள் ஏற்கெனவே நிரம்பப் பேசிவிட்டார்கள். முரளியின் படப்பிடிப்பு நம்மைக் கயிற்றுக்குள்ளேயே நிறுத்துகிறது. டான்சிங் ரோஸ் என்னும் பாத்திரத்தைச் சொல்லாமல் போனால் வாசகர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஷபீர் கல்லரக்கல் அப்பாத்திரத்தில் ஆடுகிறாரா, அடிக்கிறாரா என்று பிரித்தறிய முடியாதபடி மேடையில் வழுக்கித் திரிகிறார். வந்துபோவது சிறிது நேரமே. கதாநாயகனை விடவும் எதிர் அணியைச் சேர்ந்த அவரையே ஜனங்கள் அதிகம் கொண்டாடினார்கள் என்றால் அதில் வியப்பில்லை. வேலையை விரும்பிச் செய்யும் மனிதன் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் எவர் மானத்தையோ சுமந்துகொண்டு மேடையேறுகிறார்கள்.

இதற்கு ஒரு வாரம் முன்னால், 2021 ஜூலை 16 இல், "தூஃபான்" என்னும் ஹிந்திக் குத்துச் சண்டைப் படமும் அதே அமேசான் பிரைமில் வெளியாயிற்று. பம்பாய் ரவுடி ஒருவன் வீரனாகி, வழுக்கி விழுந்து, எழுந்து வெல்கிறான். அதில் எல்லாம் ஒரு மனிதனுக்குள்ளேயே நடந்து முடிகிறது. சார்பட்டா அதைவிட நெடுந்தொலைவு நடந்த படம். ஒருவன் விழுவது அவன் காலால் மட்டுமன்று, பின்னாலிருந்து தள்ளும் கையாலும் என்று அறிந்த படம். அறிந்தும், கடைசிச் சண்டையில் தூஃபானின் பாதைக்கே வந்து சேர்வதுதான் நமக்குக் குறையாகப்படுகிறது. கபிலன் மறுபடியும் வேம்புலியோடு மோதுகிறான்; வாத்தியார் கடைசி நேரத்தில் வந்து நிற்கிறார்; கபிலன் வெல்கிறான்; சார்பட்டாவின் மானம் மீள்கிறது. வேம்புலியா அவன் உடையை உரிந்தவன்? உரிந்தவனுக்கு உரிய பதிலை, உரிந்ததற்குச் சம்பந்தமில்லாத ஒருவன் முகத்தில் குத்திச் சொல்ல முடியுமா? கூட்டத்தோடு கூட்டமாக நாமும் கை தட்டினோம் என்பது உண்மை. தட்டி ஓய்ந்தபின் எழுந்த கேள்வி இது.

படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கப்படும் என்று 2023 இல் அறிவிப்பு வந்தது. அதில் கபிலனுக்குப் புதிய எதிரி ஒருவனைத் தேடும் சிரமத்தை இரஞ்சித் மேற்கொள்ள வேண்டியதில்லை. ரங்கன் வாத்தியாரும் மாரியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று அமையுமானால், அதைப் பார்க்க நாம் முதல் நாளே தயாராயிருக்கிறோம்.