ஸ்ரீபெரும்புதூரின் கொரியச் சுடுகறி: விருந்தும் விலக்கும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி சுங்குவார்சத்திரம் நோக்கிப் போகிறவர் கண்ணில் கொரிய எழுத்துப் பலகைகள் படாமல் போகாது. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. அதன் பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் வந்தன. 2007இல் சாம்சங் வந்தது. பொறியாளர்களும் மேலாளர்களும் வந்தார்கள்; அவர்களுக்கென்று தங்கும் விடுதிகளும், விடுதிகளை ஒட்டிச் சமையலறைகளும், பிறகு உணவகங்களும் வந்தன. இன்று கொரியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் சென்னையிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு இந்த உணவகங்களுக்கு வருகிறார்கள். மேசை நடுவே அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுச் சாப்பிடுவதுதான் அவர்களை இழுக்கும் முதல் காரணம். இந்த விருந்தாளிப் பழக்கம் வரவேற்கத்தக்கது என்பதே என் கருத்து. ஆனால் இறைச்சியை மட்டும் தேடி வருகிறவர் இந்தச் சாப்பாட்டின் பாதியைத்தான் காண்கிறார். கூடி உண்பது என்ற மறுபாதி இந்தத் தொழில் வழித்தடத்திலேயே இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். ஓர் ஊரின் புகழ்பெற்ற உணவைத் தேடிப் போகும் வெளியூர்க்காரருக்கு வழக்கமாகக் கிடைப்பது, வெளியூர்க்காரருக்காகவே சமைத்த உணவு. அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அய்ரஸின் இறைச்சி உணவகங்களில் சில, பயணிகளின் கூட்டத்தையும் அவர்களுடைய டாலரையும் நம்பியே நடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்குள்ள உணவகங்களின் முதல் வாடிக்கையாளர், இதே உணவை வீட்டில் தாய் கையால் சாப்பிட்டு வளர்ந்து, வேலை நிமித்தம் சில ஆண்டுகள் இங்கே தங்கியிருப்பவர். காய்கறியை உப்பிட்டுப் புளிக்க வைத்த கிம்ச்சி போதிய அளவு புளிக்காவிட்டால் முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கண்டிப்பான நாக்கு ஒன்று தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதைவிடச் சிறந்த தரக்கட்டுப்பாடு ஓர் உணவகத்துக்கு இருக்க முடியாது. சென்னை நகருக்குள் மால் ஒன்றில் 'கொரியன்' என்ற பெயரில் சர்க்கரைப் பாகு ஊற்றிய பொரித்த கோழியைத் தின்பவருக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வருவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நடுவில் குழி, குழியில் கேஸ் அடுப்பு அல்லது கரி, அதன் மேல் சற்றே சாய்வாக வைத்த இரும்புத் தட்டு, புகையை இழுக்கக் கூரையிலிருந்து இறங்கும் குழாய். விரல் பருமனுக்கு நறுக்கிய பன்றி வயிற்றுக்கறி நீள நீளமாக, மசாலா எதுவும் படாமல், பச்சையாக வருகிறது. கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் இந்தப் பகுதிக்குச் சாம்கியோப்சால் என்று பெயர். தட்டில் போட்டதும் உருகி வடியும் கொழுப்பு சாய்வின் அடிப்பக்கம் சேர்கிறது. அங்கே கிம்ச்சியைப் பரப்பினால் அது அந்தக் கொழுப்பிலேயே வதங்குகிறது. இருபுறமும் சிவந்த பிறகு ஒருவர் இடுக்கியால் பிடித்துக் கத்தரிக்கோலால் துண்டு போடுகிறார். கீரை இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, கறித்துண்டு, பூண்டுச் சீவல், பச்சை மிளகாய், சாம்ஜாங் என்ற சோயா விழுது எல்லாவற்றையும் வைத்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கொழுப்பின் கனத்தை இலையின் பச்சையும் கிம்ச்சியின் புளிப்பும் உடைக்கின்றன. கடைசியில் தோயென்ஜாங் ஜிகே என்ற புளித்த சோயாக் குழம்பும் சோறும், அல்லது நேங்மியோன் என்ற குளிர்ந்த நூடுல்ஸும் வந்தால்தான் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கு. இந்த ஒழுங்கில் எதை விட்டாலும் சுவையின் கட்டுமானம் தளர்ந்துவிடும்.

விருந்தாளிகள் செய்யும் முதல் பிழை மாட்டிறைச்சியைத் தேடுவது. புல்கோகி, கால்பி என்ற பெயர்கள் தொடர்களின் வழியாகப் பழகியவை என்பதால் அவற்றைக் கேட்பது இயல்புதான். ஆனால் சுடுகறியின் உயிர் இறைச்சியின் இளமையிலும் உள்ளோடிய கொழுப்பிலும் இருக்கிறது. கொரியாவின் ஹன்வூ மாட்டைத் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து ஏறக்குறைய முப்பது மாதத்தில் இறைச்சிக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958இன்படி, இங்கே பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற விலங்கைத்தான் அறுக்கலாம். வெளிநாட்டு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் இந்தியாவில் தடை உள்ளது. உழைத்து முதிர்ந்த விலங்கின் கறி நம் ஊர்ச் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும். மிளகும் மசாலாவும் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் அதன் சுவைக்கு ஈடில்லை. இரண்டு நிமிடம் தட்டில் வாட்டுவதற்கு அது ஏற்றதல்ல. எனவே உள்ளூர் மாட்டிறைச்சி புல்கோகியை ருசித்துவிட்டு, கொரிய உணவு இவ்வளவுதானா என்று தீர்ப்புச் சொல்பவர் தவறான சாட்சியை விசாரித்திருக்கிறார். பன்றிக்கறிக்கு இந்தத் தடங்கல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலேயே வெண்பன்றிப் பண்ணை உண்டு. பன்றி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம் சமூகத்தில் ஆழமானது. அதில் சாதி இழிவும் கலந்திருக்கிறது. அந்தச் சுளிப்பைச் சிறிதேனும் தளர்த்துவது இந்த உணவகங்கள் ஓசையில்லாமல் செய்யும் நல்ல காரியம்.

இரண்டாவது பிழை, சுற்றியிருக்கும் சின்னக் கிண்ணங்களைப் பொருட்படுத்தாதது. பான்சான் எனப்படும் இந்தத் தொடுகறிகள் தீரத் தீரக் கூடுதல் விலையில்லாமல் வரும். வாழையிலைச் சாப்பாட்டில் கூட்டும் பொரியலும் மறுபடி மறுபடி விழுவதைப் போல. முளைகட்டிய பயறு, முள்ளங்கி, கீரை, சோயாவில் ஊறிய உருளைக்கிழங்கு என்று அன்றாடக் கொரியச் சமையலின் பெரும்பகுதி இந்தக் கிண்ணங்களில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே உணவகங்களின் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். எந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பரிமாறுபவரால் பல நேரம் விளக்க முடிவதில்லை. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். குழம்புக்கு நெத்திலிச் சாறு அடிப்படை. நண்பர் கூட்டத்தில் சைவம் உண்பவர் ஒருவராவது இருப்பது இங்கே வழக்கம். காய்கறியாகத் தெரிவதால் சைவம் என்று நம்பி அவர் சாப்பிட்டுவிடக்கூடும். தமிழில் நாலு வரி விளக்கம் அட்டையில் அச்சடிப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அது இல்லாதது அக்கறைக் குறைவு.

இதுவரை சொன்னவை தட்டோடு நிற்கும் குறைகள், சரிசெய்வது எளிது. இதைவிடக் கனமான கேள்வி, அந்த மேசையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பது. சாம்கியோப்சால் அரண்மனை உணவாகப் பிறந்ததல்ல. கொரியா தொழில்மயமான 1970களிலும் 80களிலும் மாட்டிறைச்சி எட்டாத உழைப்பாளிகளின் மேசையில் பரவியது அது. சுரங்கத் தொழிலாளரின் தொண்டையில் படிந்த தூசியைப் பன்றிக் கொழுப்பு கழுவிவிடும் என்ற நம்பிக்கை அங்கே நெடுநாள் நிலவியது. வேலை முடிந்து ஒரு பிரிவில் உள்ளவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் உண்ணும் ஹ்வேசிக் என்ற வழக்கத்துக்கு இந்த அடுப்புதான் மையம். இளையவர் சுடுவார், மூத்தவர் வாங்கித் தருவார். பகலில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். அந்த வழக்கத்தில் கட்டாயக் குடியும் அதிகாரத் தொல்லையும் உண்டு என்று கொரிய இளைஞர்களே குறை சொல்கிறார்கள், அது நியாயம். இருந்தாலும் மேலாளரும் தொழிலாளியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்பது அதன் அடிப்படை. அர்ஜென்டினாவிலும் இதே கதைதான். வெளிநாட்டார் உணவக மேசையில் காணும் சுட்ட இறைச்சி, அந்நாட்டவர்க்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்துக்கும், கட்டட வேலைத் தளத்தில் கொத்தனார்கள் கூடிச் சுடும் மதிய அடுப்புக்கும் உரியது.

இந்த வழித்தடத்திலோ சாப்பாடு தேசத்தாலும் பதவியாலும் பிரிந்து கிடக்கிறது. கொரியச் சமையல்காரர் ஆக்கும் உணவு ஒரு சாராருக்கு. ஆலைக் கேன்டீனும் விடுதிச் சாப்பாடும் மறுசாராருக்கு. அந்த மறுபக்கம் எவ்வளவு மோசமாகக்கூடும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. இங்குள்ள தைவானிய நிறுவனமான ஃபாக்ஸ்கானில் வேலை செய்த பெண்கள் நூற்றுக்கணக்கில் விடுதி உணவால் நோயுற்றார்கள். நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் அவர்களுடைய தட்டில் என்ன விழுகிறது என்று உலகம் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது அந்தப் பாடத்துக்குப் பிறகுதான். அடுத்த மாதமே, 2024 செப்டம்பர் 9 அன்று, சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டுச் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டு அமர்ந்தார்கள்; அந்தப் போராட்டம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. கொரியாவின் வரலாறு இங்கே நினைவுக்கு வர வேண்டும். 1987 ஜூலை முதல் செப்டம்பர் வரை உல்சான் ஹூண்டாய் ஆலைகளிலிருந்து கிளம்பிய பெரும் தொழிலாளர் எழுச்சிதான் அந்நாட்டில் சங்க உரிமையையும் கூலி உயர்வையும் பரவலாக்கியது. உழைப்பவர் வீட்டு மேசைக்கு இறைச்சி தாராளமாக வந்ததில் அந்த எழுச்சிக்கும் பங்குண்டு.

உணவைப் பற்றி எழுத வந்தவர் தொழிற்சங்கத்தை ஏன் இழுக்கிறார், கூலிப் பிணக்குக்கு ஓர் உணவக உரிமையாளர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். அவர் பொறுப்பில்லைதான், பலரும் சிறு முதல் போட்டுக் குடும்பமாக நடத்துகிறவர்கள். ஆனால் ஓர் உணவின் சிறப்பே கூடி உண்பது என்று போற்றும் விமர்சகர், அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய போற்றுதல் அரைகுறையாகும். இந்த ஆலைகளில் காரின் கதவைப் பொருத்துபவர் அந்த அடுப்பருகே உட்கார வழியில்லை என்பது சுவை பற்றிய உண்மையும்கூட. ஏனென்றால் இந்த உணவின் சுவையில் கூட்டத்துக்கும் பங்குண்டு.

விலையைத் தவிர்க்க முடியாது என்பது இன்னொரு வாதம். விழுதும் மிளகாய்த்தூளும் கடல் கடந்து வருகின்றன, அதனால் தொழிலாளியின் கைக்கு எட்டாது என்கிறார்கள். இதில் பாதி உண்மை. புளித்த விழுதுகளும் சிவப்பு மிளகாய்த்தூளும் இறக்குமதிதான். ஆனால் முட்டைக்கோஸ் வகைகள், முள்ளங்கி, பூண்டு, பச்சை மிளகாய், பன்றிக்கறி எல்லாம் இங்கேயே கிடைப்பவை. சுடுகறி விலை உயர்ந்ததாகவே இருக்கட்டும். ஒரு குழம்பு, ஒரு கிண்ணம் சோறு, மூன்று தொடுகறி என்ற எளிய மதியச் சாப்பாடு கொரியத் தொழிற்பேட்டைகளில் அன்றாடம். அதை இங்கே கட்டுப்படியாகும் விலையில் போடுவதற்குச் செலவைவிட அந்த வாடிக்கையாளரை மனத்தில் வைக்காததே பெரிய தடை.

அப்படியானால் தமிழ் நாக்குக்கு ஏற்ப மசாலா கூட்டிவிடலாமே என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இந்தியச் சீன உணவு அப்படி உருவாகித் தனக்கென ஒரு தகுதியைப் பெற்றது மெய். ஆனால் அதைச் சாப்பிட்டுச் சீன உணவை அறிந்துவிட்டதாக நினைப்பவர் ஏமாறுகிறார். ஸ்ரீபெரும்புதூரின் பெருமை மாற்றாமல் கொடுப்பதில் இருக்கிறது. அந்தப் பெருமைக்குள்ளேயே பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஆலையை நம்பிய சமையல் ஆலையோடு போய்விடும். இங்கே 2006இல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த நோக்கியா 2014இல் கதவை மூடியது. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. நாளை கொரியப் பொறியாளர்கள் வேறு மாநிலத்துக்கு மாறினால், உள்ளூர் வாடிக்கையாளரைச் சேர்த்து வைக்காத உணவகம் ஓராண்டுகூடத் தாங்காது. ஆகவே சமையலை மாற்றாமல் கதவை அகலமாகத் திறப்பதுதான் வழி. மக்களுக்கு நீதியானதும் கடைக்குப் பிழைப்பானதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

எனவே என் முடிவு இது. சுவையிலும் நேர்மையிலும் தமிழ்நாட்டில் ஓர் அயல்நாட்டு உணவை அறிய இதைவிட நல்ல இடம் எளிதில் அமையாது. விருந்தாளிகள் வர வேண்டும், வந்து பன்றி வயிற்றுக்கறியையும் புளித்த குழம்பையும் முழு வரிசையில் உண்ண வேண்டும். உணவகங்கள் தமிழில் விளக்கமும் மலிவான மதியச் சாப்பாடும் தர வேண்டும். நிறுவனங்களுக்கு இருக்கும் கடமை இவற்றைவிடப் பெரியது. ஹ்வேசிக் தங்கள் பண்பாடு என்று பெருமை கொள்பவர்கள், பட்டறையில் நிற்கும் தமிழ்த் தொழிலாளியையும், விடுதியில் தங்கும் பெண்ணையும், அந்த மேசைக்கு உரிமையோடு அழைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தரும் விருந்து இதற்கு ஈடாகாது; பேச்சுவார்த்தை மேசையில் சமமாக உட்கார வைப்பவரைத்தான் சாப்பாட்டு மேசையிலும் சமமாக உட்கார வைக்க முடியும். அது நடக்கும்வரை ஸ்ரீபெரும்புதூரின் கொரியச் சுடுகறி உயர்ந்த சமையலாக இருக்கும். கொரியர்கள் தாங்களே சொல்லும் பொருளில் முழுமையான விருந்தாக இருக்காது.