இடது கை வாசித்த பாட்டு

லியான் ரஸ்ஸலின் பியானோவைக் கேட்கும்போது என் காது முதலில் இடது கைப் பக்கம்தான் போகும். பிறக்கும்போது நேர்ந்த காயத்தால் அவருக்கு வலது பக்கம் சற்று வலுவிழந்திருந்தது. வலது கைக்கு எட்டாததை இடது கை ஈடுகட்டப் பழகியது. கீழ்ச்சுரங்கள் அப்படித் திரண்டு உருண்டு வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஓக்லஹோமாக்காரர். பதின்ம வயதிலேயே டல்சா இரவு விடுதிகளில் வாசித்தவர். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாட்டுக்குக் கூலிக்கு வாசித்தார். 1965இல் வந்த பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவிலும் அவர் உண்டு. இசைத்தட்டு உறையில் இந்தக் கைகளுக்குப் பெயர் போடுவது அன்று அபூர்வம்.

1970இல்தான் தன் பெயரில் முதல் தனி இசைத்தட்டு. 'எ சாங் ஃபார் யூ' அதில் இருக்கிறது. ரே சார்ல்ஸ் உட்பட எத்தனையோ பேர் அதைப் பாடிவிட்டார்கள், அழகாகவும் பாடினார்கள். எனக்கென்னவோ ரஸ்ஸலின் அந்தக் கரகரத்த, மூக்கில் இழையும் குரல்தான் வேண்டும்.

நடுவில் உலகம் அவரை மறந்தே போனது. எல்டன் ஜான் தேடிப்போய் அழைத்துவந்து, 2010இல் சேர்ந்து 'தி யூனியன்' செய்தார். அதிலும் அந்த இடது கை தளரவில்லை.