குடிமக்கள் இதழியலும் ஊரவர் கூற்றும்

நிருபரல்லாத பொதுமக்கள் செய்தித்தாளுக்கு எழுதுதல் நமக்குப் புதிதன்று. 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ‘உதயதாரகை’ வாசகர் கடிதங்களுக்கு இடமளித்தது. 2006இல் தொடங்கிய ‘கிரவுண்ட்வியூஸ்’ என்னும் ஆங்கில இணையத்தளமும், பின்னர்த் தமிழில் எழுந்த ‘மாற்றம்’ தளமும் அவ்வழக்கை விரித்தன. போர்க்காலத்தில் ஏனைய ஏடுகள் கூறத் தயங்கியவற்றை முன்னையது எடுத்துரைத்தமை போற்றற்குரியது.

எனினும், இவற்றில் கண்டோர் உரைத்த செய்தியினும் கற்றோர் வரைந்த கருத்துரையே மிக்குளது. கருத்துரை வேண்டாவென்பதன்று, செய்தியின்றேல் அது வேரற்ற மரமாம். கரவெட்டி வயலில் வெள்ளம் எத்தனை நாள் நின்றதென்பதை அவ்வயலை உழுதவரே நன்கறிவர். அவர்தம் எழுத்தில் வழுவிருக்கலாம்; அதனைத் திருத்துதல் பதிப்பாசிரியர் கடன். நாளும் இடமும் சரிபார்த்து அவர் கூற்றை வெளியிடும்போதே ‘குடிமக்கள் இதழியல்’ என்னும் பெயர் பொருளுடையதாகும்.