சீரான வேகம் – தரவா, நிபந்தனையா?: தொடக்க இயற்பியல் கணக்குகளின் தீர்வுமுறை குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சீரான வேக இயக்கக் கணக்குகளைத் தீர்க்கும் வழக்கமான முறை, ‘வேகம் = தொலைவு ÷ காலம்’ என்னும் வாய்பாட்டில் எண்களைப் பொருத்துவதோடு நின்றுவிடுகிறது. வேகம் சீரானது என்பது வெறும் தரவு அன்று. சரிபார்க்கப்பட வேண்டிய நிபந்தனை. அதனைக் கவனியாமை எத்தகைய பிழைகளுக்கு இடமளிக்கிறது என்பதையும், தமிழ்க் கலைச்சொல் வேறுபாடு அப்பிழைகளோடு எவ்வாறு இணைகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சீரான இயக்கம், சராசரி வேகம், கலிலியோ, இயற்பியல் கற்பித்தல், கலைச்சொல்

முன்னுரை

இயற்பியல் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கணக்குகளுள் சீரான வேகக் கணக்குகள் குறிப்பிடத்தக்கவை. தொலைவு, காலம், வேகம் ஆகிய மூன்றனுள் இரண்டைத் தந்து மூன்றாவதைக் கேட்பது இவற்றின் பொது அமைப்பாகும். எளியவை என்பதாலேயே இவை ஆழ்ந்து நோக்கப்படுவதில்லை. ஆயினும், பின்னர் முடுக்கத்தைக் கற்கும்போது தோன்றும் குழப்பங்கள் பலவற்றின் வேர் இங்கேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கலிலியோவின் வரையறை

கலிலியோ 1638-இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலின் மூன்றாம் நாள் உரையாடல், சீரான இயக்கத்திலிருந்தே தொடங்குகிறது. சமகால அளவுகளில் சம தொலைவைக் கடப்பதே சீரான இயக்கம் என்ற பழைய வரையறையில், அவர் ‘எந்த’ என்னும் சொல்லைச் சேர்க்கிறார்: ‘எந்தச்’ சமகால அளவுகளை எடுத்துக்கொண்டாலும் தொலைவுகள் சமமாதல் வேண்டும். ஒவ்வொரு மணிநேரத்திலும் 50 நிமிடம் ஓடி 10 நிமிடம் நிற்கும் பேருந்து, மணிக்கு 60 கி.மீ. தவறாமல் கடக்கலாம், பழைய வரையறைப்படி அதன் இயக்கம் சீரானதாகிவிடும். கலிலியோவின் வரையறைப்படி அது சீரானதன்று.

மேலும், அவர் தொலைவைக் காலத்தால் வகுக்கவில்லை. ஓரினப் பொருள்களுக்கிடையே மட்டுமே விகிதம் கொள்ளும் கிரேக்க மரபைப் பின்பற்றித் தொலைவைத் தொலைவோடும் காலத்தைக் காலத்தோடும் ஒப்பிட்டார். 12 நிமிடத்தில் 9 கி.மீ. சென்ற வண்டி 20 நிமிடத்தில் 15 கி.மீ. செல்லும் என விகிதமுறையில் கூறும்போது, ‘அதே வேகம் நீடித்தால்’ என்னும் நிபந்தனை வெளிப்படையாக நிற்கிறது. வாய்பாட்டில் அது மறைந்துவிடுகிறது.

எதனுடைய தொலைவு?

150 மீ. நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. சீரான வேகத்தில் 300 மீ. பாலத்தை முழுவதுமாகக் கடக்க எவ்வளவு நேரமாகும்? வேகம் வினாடிக்கு 15 மீ. என மாற்றியபின், 300-ஐ 15-ஆல் வகுத்து 20 வினாடி என விடையளிப்பது வாய்பாட்டுக்கு முரணானதன்று. பிழை வாய்பாட்டுக்கு முந்தையது. ரயிலின் முகப்பு பாலத்தைத் தொடும் கணத்திலிருந்து அதன் கடைசிப் பெட்டி பாலத்தை நீங்கும் கணம்வரை முகப்பு நகரும் தொலைவு 450 மீ.; எனவே விடை 30 வினாடி. ‘எந்தப் புள்ளியின் இயக்கம்?’ என்ற வினாவை எழுப்பாத தீர்வுமுறை, இயக்கத்தைப் பற்றிய தீர்வாகாது. எண்களைப் பற்றியதாகவே அமையும்.

இடமும் வேகமும் மயங்குவது தொடக்க மாணவரோடு முடிவதன்று. டேவிட் ட்ரோபிரிட்ஜ், லில்லியன் மெக்டெர்மட் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பந்து மற்றொரு பந்தைக் கடக்கும் கணத்தில் இரண்டின் வேகமும் சமம் எனக் கல்லூரி மாணவர்கள் கருதியதைச் சுட்டுகிறது. அருகருகே இருத்தல், ஒரே வேகத்தில் செல்லுதலாகப் பிறழ உணரப்படுகிறது.

சராசரியின் சிக்கல்

60 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சென்று, 60 கி.மீ. வேகத்தில் திரும்பும் பேருந்தின் சராசரி வேகத்தை மாணவர் 45 என்பர். செல்ல 2 மணி, திரும்ப 1 மணி, 120 கி.மீ.க்கு 3 மணி. ஆகவே விடை மணிக்கு 40 கி.மீ. இவ்விரு வேகங்களும் சம நேரம் நீடித்திருப்பின் 45 சரியான விடையே. சமமானது தொலைவா, காலமா என்பதே இங்குத் தீர்மானிக்கும் வினா. வேகத்தின் வரையறை காலத்தைச் சார்ந்தது என்பதை உணர்ந்தவருக்கே இவ்வினா எழும்.

‘வேகம்’ என்னும் சொல்

மேற்கண்ட கணக்கு மற்றொரு சிக்கலையும் வெளிப்படுத்துகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வேகம்’ திசையற்ற அளவு, திசையுடையது ‘திசைவேகம்’. இலங்கைப் பாடநூல்களில் திசையற்றது ‘கதி’, திசையுடையதே ‘வேகம்’. எனவே, புறப்பட்ட இடத்திற்கே திரும்பிய பேருந்தின் ‘சராசரி வேகம்’ தமிழ்நாட்டு வழக்கில் மணிக்கு 40 கி.மீ.; இடப்பெயர்ச்சி சுழியாதலால் இலங்கை வழக்கில் சுழி. ஒரே தமிழ்த் தொடருக்கு இரு விடைகள், இரண்டும் சரியானவை. இரு நாட்டு நூல்களையும் பயன்படுத்தும் ஆசிரியர்க்கு இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. விடைத்தாள் மதிப்பீட்டுச் சிக்கலுமாகும். ஒரு வழக்கை நீக்குவதைவிட, பயன்படுத்தும் வழக்கை வினாவிலேயே தெளிவுறுத்துவது நடைமுறைக்கு ஏற்றது.

முடிவுரை

வாய்பாடு பயனற்றது என்பது இக்கட்டுரையின் வாதமன்று; அதன் சுருக்கமே அதன் வலிமை. ஆனால் அதனை எடுத்தாளுமுன் மூன்று வினாக்கள் எழவேண்டும்: எந்தப் புள்ளியின் இயக்கம்? வேகம் கருதும் கால அளவு முழுவதும் சீரானதா? பகுதிகளாகப் பிரிப்பின் சமமானது தொலைவா, காலமா? மேலும், ‘தந்துள்ள தகவல் போதாது’ என்பதே சரியான விடையாக அமையும் கணக்குகளும் பாடநூலில் இடம்பெறுதல் வேண்டும். எல்லாக் கணக்குக்கும் எண்விடை உண்டு எனப் பழகிய மாணவர், நிபந்தனையைச் சோதிக்க வேண்டிய தேவையை ஒருபோதும் உணர்வதில்லை.