ஏடு காப்பவர் யார்?

அரசன் ஆணை கல்லிலே நிலைத்தது. அடிபட்டவன் குரல் காற்றிலே கரைந்தது. பழைய கதைதான். இன்றேனும் நிலை மாறிற்றா? அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், தோழர்களே!

1839இல் தோன்றிய அந்தக் கல்விக்கூடம், கறுப்பின மாணவருக்குக் கதவு திறக்க 111 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. திறந்த ஆண்டு 1950. அந்த ஆண்டையே தம் அமைப்பின் பெயரில் பொறித்துக்கொண்டு, 2015இல் இனவெறியை எதிர்த்துக் கிளர்ந்தனர் மாணவர். ஒருவர் உண்ணாநோன்பு பூண்டார். கறுப்பினக் கால்பந்து வீரர்கள், ஆடமாட்டோம் என்றனர். அவ்வறிவிப்பு நவம்பர் 7இல் ட்விட்டரில் வெளிவந்தது. 9இல் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

தலைவரின் கடிதங்களைக் காக்கக் காப்பகம் உண்டு. மாணவரின் சொல்லைக் காப்பது யார்? வணிக நிறுவனமா? அரசா? ட்விட்டர் பதிவுகள் அனைத்தையும் காப்போம் என்று 2010இல் அறிவித்த அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், 2018 முதல், தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே காப்போம் என ஒதுங்கிக்கொண்டது.

இக்குறையைப் போக்க வந்ததே ‘டாக்குமென்டிங் தி நவ்’ திட்டம். 2014இல் பெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபின் எழுந்த குரல்களைத் தொகுத்த முயற்சியில் பிறந்தது அது. பதிவுகளின் எண்களை மட்டுமே பொதுவில் பகிர்ந்தனர். எழுதியவர் தம் பதிவை அழித்துவிட்டால், எண்ணைக் கொண்டு எழுத்தை மீட்க இயலாது. நிறுவனத்தின் விதியும் அதுவே. எனினும் அதில் அறம் உண்டு. போராடுவோரின் பதிவுகளைக் கண்காணிக்கும் வசதியை ஜியோஃபீடியா நிறுவனம் காவல்துறைக்கு விற்றது 2016இல் அம்பலமாயிற்றே! ஏடு காப்பது ஆளைக் காட்டிக்கொடுப்பதாக முடியலாமா?

ஆனால், குறையும் அங்கேதான் இருக்கிறது. 2023இல் ட்விட்டர் ஆய்வாளருக்கிருந்த இலவச வாயிலை அடைத்தது. எண்களெல்லாம் பூட்டு மாற்றிய வீட்டின் சாவிகளாயின! பிறர் வீட்டில் வைத்த பொருளுக்குப் பிறரே காவல், பிறரே எசமானர்.

ஆகவே, போராடியவரே காப்பாளராகட்டும். அவரவர் ஒப்புதலோடு படி எடுக்கட்டும். ஆபத்துள்ள பெயர்களை மறைக்கட்டும். தேவையெனில் சில ஆண்டுகள் மூடிவைத்துப் பின் திறக்கட்டும். நூலகங்கள் இடம் தரட்டும். உரிமை கொண்டாட வேண்டாம்.

தலைவர் ஏன் விலகினார் என்று நாளை ஒரு மாணவன் தன் ஆசிரியரைக் கேட்பான். விலகியவரின் கடிதம் ஒன்றே விடையாக நிற்கும் நிலை வரலாமா?