வழக்கொழிந்த குறிகளும் கணினித் தமிழின் தரங்களும்

தமிழைக் கணினியில் ஏற்றிய மரபுகளைப் பரிசீலிக்கப் புகுவோர்க்கு, எல்லோரும் அறிந்த உயிரும் மெய்யும் பற்றி எழுந்த விவாதங்களைக் காட்டிலும், பேரேட்டின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற பற்று, வரவு, மேற்படி முதலிய குறிகளுக்கு இடமளிப்பதா என்ற வினாவே ஒவ்வொரு மரபின் தராதரத்தையும் தெளிவாகப் புலப்படுத்துகிறது.

1988ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தைத் தழுவி 1991இல் வெளிவந்த யுனிகோட், மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே கொண்டு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இணைய ஆர்வலர்கள் வகுத்த திஸ்கியோ, ஆங்கிலம் போக எஞ்சிய 128 இடங்களுக்குள்ளேயே கு, கூ போன்ற வடிவங்களையும் கிரந்த எழுத்துக்களையும் நெருக்கி அமர்த்திய பின்னரும் தமிழ் எண்களைக் கைவிடவில்லை. அந்த ஔதாரியம் போற்றத்தக்கது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்ற சித்தாந்தத்தின் விளைவான டேஸ் 16ஐத் தமிழக அரசு 2010இல் யுனிகோடுடன் சேர்த்து அங்கீகரித்தது. இலங்கையின் தரமாகிய எஸ்.எல்.எஸ். 1326 யுனிகோடையே அநுசரித்தது.

அந்த யுனிகோடில், கோயில் அறிவித்தல்களில் நாம் காணும் ௵, ௴, ௳ உள்ளிட்ட எட்டுக் குறிகள் 2003இல்தான் சேர்ந்தன. மேலும் குறிகளைச் சேர்க்குமாறு ஸ்ரீரமண சர்மா 2012இல் சமர்ப்பித்த விண்ணப்பத்தை அடியொற்றி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி தொடங்கி உழக்கு, குறுணி, வராகன், வேலி, நன்செய், புன்செய் ஈறாகப் பலவும் அடங்கிய 51 குறிகள் 2019இல் ஏற்கப்பட்டன. அரைக்கும் 16இல் ஒரு பங்காகிய வீசத்துக்கும் அவற்றில் இரண்டிரண்டு வடிவங்கள் உள்ளன. ஓரளவைக்கு ஒரு வடிவம் போதாதா என்பார் உளர். இரண்டையும் ஒன்றாக்கினால் ஏடெழுதியவன் எதை எழுதினான் என்பது பிரதியில் மறைந்துபோகும் ஆதலின், இரண்டையும் வைத்ததே நியாயம். இன்று எத்தனை பேர் எழுதுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பது அளவுகோல் ஆகாது. அக்குறி இல்லாவிடில் எந்த ஆவணம் பிழைபடும் என்பதே அளவுகோல்.

இடம் கிடைத்தும் எழுத்துருவில் வடிவம் இல்லையெனில் கையடக்கத் தொலைபேசியில் வெறுங்கட்டமே தோன்றும். ஆகவே நம் லுணுகலையிலும் பசறையிலும் அச்சுத்தொழில் புரிவோர் எழுத்துருவைத் தெரிந்தெடுக்கும்போது இக்குறிகள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடைவீதியிலும் தோட்டங்களிலும் பழைய கணக்கேடுகள் எவரிடமேனும் இருப்பின், கரையானுக்கு இரையாகுமுன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க வேண்டும். பட்டியலில் ஏறாத குறி ஒன்று அவற்றில் அகப்படுமாயின், அதனை ஏற்கச் செய்வதற்கு அந்தப் பக்கமே பிரமாணம்.