நிலவுடைமையும் வருமானமும்: முந்தற் கரையோரம் எழுப்பும் ஒரு திறனாய்வு வினா

ஈழத்துத் தமிழ் நாவலில் நிலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு பிரதேசங்களையே ஆதாரமாகக் கொள்வர். சாதியமைப்போடு பிணைந்த யாழ்ப்பாணத்துக் காணியுறவைச் செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயண’மும் (1965) கே. டானியலின் ‘பஞ்சம’ரும் (1972) காட்டின, வன்னி விவசாயியின் வாழ்வை அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் (1973) செங்கை ஆழியானின் ‘காட்டா’றும் (1977) காட்டின. இவற்றினடியாகப் பிறந்த ‘நிலமுடையோர் - நிலமற்றோர்’ என்ற பகுப்பை நமது முற்போக்குத் திறனாய்வு நாடு முழுவதற்கும் பொதுவாக்கிற்று. இப்பகுப்புப் பிழையானதன்று, ஆனால் முந்தலில் அது போதாது.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் தென்னந்தோட்டங்களுமாக அமைந்த ஊர் அது. நெல் பருவத்துக்கொருமுறை களத்திலே குவிகின்றது. யாருக்கு எத்தனை மூடை என்பது ஊரறியத் தீர்கின்றது. ஆதலால் நாவலாசிரியனுக்கு மோதலும் உச்சமும் அக்களத்திலேயே கிடைத்துவிடுகின்றன. தென்னையோ ஏறத்தாழ இரு மாதத்துக்கொருமுறை பறிக்கப்படுவது. பூ முற்றிய காயாவதற்கு ஓராண்டளவு செல்லும். மழை பொய்த்தால் அதன் விளைவு மறு ஆண்டிலேயே தெரியவரும். எனவே ஓராண்டு வருமானத்தைக் கொண்டு தென்னையை நம்பிய குடும்பத்தின் நிலையை அளப்பவர், உண்மையில் சென்ற ஆண்டின் மழையையே அளக்கின்றார். காணிச் சொந்தக்காரர் தூரத்து நகரமொன்றில் வாழ்வாராயின், காவற்காரருக்கும் பறிகாரருக்கும் எதிரே நிற்கும் முதலாளி என்று ஒரு பாத்திரமே இல்லாது போகின்றது. இப்பிரதேசத்திலிருந்து ஒரு ‘பஞ்சமர்’ ஏன் எழவில்லை என்ற வினாவுக்கு எழுத்தாளரின் சோம்பலை விடையாகக் கூறுவது எளிது. நான் அதனை ஏற்கவில்லை.

சட்டங்களையும் இவ்விடத்தே பனுவல்களாக வாசித்தல் தகும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்தது. தேங்காய் பறிப்பவரும், உரிப்பவரும், கொப்பறா காயவைப்பவரும் குத்தகையாளர் அல்லர், கூலியாளர். அச்சட்டம் அவர்களைத் தொடவேயில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் உச்சவரம்பை நெற்காணிக்கு 25 ஏக்கராகவும் ஏனைய காணிக்கு 50 ஏக்கராகவும் வகுத்தது. 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்குக் காணியை மாற்றிக்கொடுக்கவும் அது வழிவிட்டது. வரம்புக்குட்பட்ட 50 ஏக்கர் தென்னையின் உரிமையாளரும் அரை ஏக்கர் வளவுக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒருங்கே நின்றனர். அவ்விருவரையும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லால் நாமும் குறித்து வந்துள்ளோம்.

களப்போரம் நிலைமை மேலும் சிக்கலானது. பயிருக்குதவாத உவர்நிலமெனக் கருதப்பட்ட இடங்கள் 1980களில் இறால் பண்ணைகளாகித் திடீரென மதிப்புப் பெற்றன. 1996ஆம் ஆண்டளவில் பரவிய வெண்புள்ளி நோய் புத்தள மாவட்டத்துப் பண்ணைகள் பலவற்றை அழித்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. கடதாசியில் சொத்து உண்டு, வருமானம் இல்லை. மறுபுறம், களப்பில் வலைவீசிப் பிழைத்தவனுக்கு வருமானம் இருந்தது, கடதாசி எதுவும் இருக்கவில்லை. பண்ணை வந்தபோது அவன் இழந்ததை எந்த உறுதியைக் கொண்டு நிறுவுவது? உடைமையை உறுதியிலே மட்டும் தேடும் விமரிசகனுக்கு இவ்விழப்புக் கண்ணிற் படாது.

குடும்பத்துக்குள்ளும் இதே இடைவெளி உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளின் வாரிசுரிமை வரிசையில் ஆணையே முன்வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை மாற்றிற்று. இடைப்பட்ட 87 ஆண்டுகளும் அனுமதிப்பத்திரக் காணியில் உழைத்த பெண், கணக்கில் ‘உதவியாளர்’ மாத்திரமே. தென்னந்தோட்டத்தில் விழுந்த ஓலையை எடுத்துக் கிடுகு பின்னி அன்றாடச் செலவை ஈடுசெய்பவளுக்கு அவ்வோலைமீதுள்ள உரிமை என்ன? அது கூலியின் பகுதியா, சலுகையா, அன்றிக் களவா? தோட்டம் கைமாறி, புதிய சொந்தக்காரர் வேலியடைத்துப் படலையைப் பூட்டும் நாளிலேதான் அதற்கு விடை தெரியவரும். முந்தலின் நாவல் எழுதப்படுமாயின், அது அந்தப் படலையடியிலிருந்து தொடங்கலாம்.